துணி வங்கிக்குப் பணம் எதற்கு?

போகி நெருங்கினால் எல்லா வீட்டிலும் பீரோவைக் காலி செய்யும் வேகம் வந்துவிடும். எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷாவருஷம் சொல்கிறது. எரிக்க மனசு வராதவர்களும் இப்போது நிறையப் பேர். அதனால் குடியிருப்போர் சங்கம், கல்லூரி மாணவர்கள், கோயில் அன்னதானக் குழு என்று ஆளுக்கொரு துணி வங்கி தொடங்குகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. பணத்தைப் பற்றிய சில நம்பிக்கைகள்தான் இவர்களைத் திணற வைக்கின்றன.

நம்பிக்கை: துணி இலவசமாக வருகிறது, இலவசமாகப் போகிறது. நடுவில் என்ன செலவு?

செலவு முழுக்க அந்த நடுவில்தான். வந்த மூட்டையைப் பிரித்து, கிழிந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் ஒதுக்க வேண்டும். மீதியைத் துவைத்து, பொத்தான் தைத்து, ஜிப் மாற்றி, அளவுவாரியாக அடுக்க வேண்டும். ஈரம் ஏறாத அறை, அதற்கு அட்வான்ஸ், வாடகை, இரும்பு ரேக், கரண்ட் பில், ஊர் ஊராகக் கொண்டுபோகக் குட்டி யானை வாடகை. இதையெல்லாம் யாரும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து தருவதில்லை.

பிரிக்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் பார்த்தோம். லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் குவிந்து வீணானது. மீனவக் குடும்பங்கள் பல அதைத் தொட மறுத்தன. வீடும் உறவும் இழந்து நிற்பவர்களிடம் அடுத்தவர் கழித்துப் போட்டதை நீட்டினால் வேறென்ன நடக்கும்?

அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு வீட்டிலிருந்த 67 துணிகளோடு ஆரம்பித்தது என்பார்கள். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் தரம் பிரிப்பதைப் பெரிய வேலையாக நடத்துகிறார்கள். கிராமத்து மக்கள் கிணறு வெட்டி, பாதை போட்டு, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். உடுத்த உதவாத பருத்தித் துணி மாதவிடாய்த் துணியாகிறது. துணி கொடுப்பவரிடம் அவர்கள் பணமும் கேட்கிறார்கள், கூச்சமில்லாமல். நம்மூர்க் குழுக்களுக்குத்தான் கேட்க வாய் வருவதில்லை.

கேட்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். போன மாதச் செலவை, அந்த மாதம் கொடுத்த உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ‘ஒரு உடுப்பு ஒருவர் கைக்குப் போய்ச் சேர இவ்வளவு ஆகிறது’ என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால், மாதம் நூறு ரூபாய் தர ஆள் கிடைப்பார்கள். வாடகையைக் காப்பாற்றுவது இந்த நூறுகள்தான்.

நம்பிக்கை: டிரஸ்ட் பதிவு செய்து 80ஜி வரிச்சலுகை வாங்கிவிட்டால் நன்கொடை தானாக வரும்.

பதிவு அவசியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்டாகவோ, ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகவோ பதியலாம். ஆனால் 80ஜி சலுகை பணத்துக்கு மட்டும். பட்டுப்புடவையே கொடுத்தாலும் துணிக்கு வரி விலக்கு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் உள்ள தனிநபர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. ஆகவே மாதச் சம்பளக்காரரிடம் வரி மிச்சத்தைச் சொல்லிக் கேட்பது பலரிடம் எடுபடாது. வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

நம்பிக்கை: சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் கொட்டிக் கிடக்கிறது, ஒரு கம்பெனியைப் பிடித்தால் போதும்.

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். பணம் இருப்பது உண்மை. ஆனால் அதை வாங்கி வேலை செய்யும் வெளி அமைப்புக்கு அதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவம் வேண்டும். வருமான வரிப் பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர் பதிவு எண்ணும் வேண்டும். போன தீபாவளிக்குத் தொடங்கிய வங்கிக்கு இது எட்டாக்கனி. ஏற்கெனவே தகுதியுள்ள பழைய டிரஸ்டோடு சேர்ந்து கேட்பதே வழி.

திருப்பூரில் மிச்சமாகும் பனியனைச் சும்மா தரக்கூடாதா என்றும் கேட்பார்கள். இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். முதலாளி தயங்குவதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. அவருடைய ஆடிட்டரையும் அழைத்துப் பேசுங்கள்.

ஊருக்குள் கிடைக்கும் உதவியும் பணம்தான். ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறை, சலவைக்கடையில் மாதம் இரண்டு மூட்டை, தையல்காரரின் ஞாயிற்றுக்கிழமை மதியம். இவற்றுக்கும் விலை போட்டு வரவில் எழுதினால், அடுத்து வரும் பெரிய நன்கொடையாளர் உங்களுக்கு ஊர் ஆதரவு இருப்பதைக் காண்பார்.

நம்பிக்கை: தானமாக வந்ததை விற்பது பாவம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் 1940-களிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் கடை திறந்து, தானமாக வந்த பொருள்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் சேர்த்தது. கிழிந்த பருத்தியை மெக்கானிக் ஷெட்டுகள் எண்ணெய் துடைக்க வாங்கும். பழைய கம்பளித் துணியை நூலாக்கிப் போர்வை நெய்வதற்கென்றே ஹரியானாவில் பானிபட் என்று ஒரு நகரம் இருக்கிறது. நல்ல சட்டைக்குப் பத்து ரூபாய் விலை வைத்தால், எடுப்பவர் கை நீட்டாமல் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார். பத்தும் இல்லாதவருக்குச் சும்மா கொடுங்கள். விற்பனைக்குத் தனிக் கணக்கு வையுங்கள், கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றால்தான் கெட்ட பெயர்.

நம்பிக்கை: வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டால் வேலை முடிந்தது.

அவர்கள் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாகவே துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா தருவது வெளிநாட்டு நன்கொடை. அதற்குரிய மத்திய அரசுப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும் இதே விதிதான்.

துணி கொடுப்பவர்களுக்கும் ஒன்று. மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். துவைக்க, கொண்டுபோகக் கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளாடை தருவதென்றால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். அரசின் இலவசச் சீருடை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் யாருக்குச் சீருடை வேண்டும் என்று கேட்டு, ஜூன் மாதத்துக்கு முன்பே அதற்கான தொகையைத் துணி வங்கியில் கட்டிவிடுங்கள்.