உன் தட்டிலிருந்து வேண்டாம், தாயி

சாத்தூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சிப்பிப்பாறை நாய்க்குட்டி சென்னை வீட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டது, நீ சாப்பிட உட்கார்ந்தால் உன் தட்டையே பார்க்கிறது, நீயும் சாம்பார் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் வீட்டு நாய் மணியை உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. மிச்சமாகும் சாம்பார் சோறுதான் தினமும் அதற்கு. சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டு வைத்த சாம்பார். ஒருநாள் படுத்தது எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்து, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனது. "என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பூண்டும் அப்படித்தான். 20 கிலோ நாய் ஒரே வேளையில் 100 கிராம் வெங்காயம் தின்றாலே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் உள்ளே போனாலும் சேர்ந்து கெடுக்கும். மணி பிழைக்கவில்லை. பாசமாகப் பிசைந்து போட்டவன் நான்தான், தாயி.

ஆகையால் குழம்பு, ரசம், பிரியாணி எதுவும் வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எந்த நாய்க்கு எத்தனை பழம் தாங்கும் என்று கணக்கு கிடையாது, ஒன்றுகூடத் தராதே. சாக்லேட்டும் தராதே. சர்க்கரை இல்லாத சூயிங்கம் உன் கைப்பையில் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டு. அதில் பெரும்பாலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு அரைமணி நேரத்துக்குள் நாயைச் சுருண்டு விழ வைக்கும். வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் குத்தும்.

பிறகு என்னதான் போடுவது என்பாய். எலும்பு எடுத்த கோழிக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோறும் கொஞ்சம் பூசணியோ கேரட்டோ சேர்த்துப் பிசைந்து வை. அவித்த முட்டை கொடுக்கலாம். மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை; ஆறு மாதத்துக்குமேல் இரண்டு வேளை போதும். நம் பக்கத்தில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் ஊற்றியே வேட்டை நாய் வளர்த்தார்கள் என்று உன் தாத்தா சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் காட்டில் முயலைப் பிடித்து எலும்போடு தின்றவை. மாடி வீட்டில் வளரும் உன் குட்டிக்கு அந்த எலும்புச் சத்து எங்கிருந்து வரும்? வீட்டுக் கறிச்சோற்றில் சுண்ணாம்புச் சத்து போதாது, வளர்கிற கால் வளைந்துபோகும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர். குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் தீவனம் மட்டும் போடுவதானால் அதிலேயே அந்தச் சத்து இருக்கிறது. மேற்கொண்டு டானிக் ஊற்றாதே.

"எலும்பும் தோலுமாக இருக்கிறதே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே. சிப்பிப்பாறையின் வாகு அது: ஒட்டிய வயிறு, லேசாகத் தெரியும் கடைசி விலா எலும்புகள். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய் வேறு. வயிறு நிறையத் தின்றவுடன் ஓடவிட்டால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது படுக்கவிடு.

தப்பித்தவறி எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதே. அது இன்னொரு கேடு. வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடி. தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல். உன் வீட்டுப் பக்கத்து மருத்துவரின் போன் நம்பரை இன்றைக்கே பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு. இந்தக் கடிதத்தை அம்மாவிடமும் படித்துக் காட்டு. நீ வேலைக்குப் போனபின் சோறு வைக்கிறவள் அவள்தான்.

உன் மாமா