பனிமலையில் வாத்தியார் வேலை: வீராம்பட்டினத்துப் பேச்சும் உண்மையும்

துபாய், சிங்கப்பூர், பிரான்சு என்று கடல் தாண்டிப் போவது புதுச்சேரியின் மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்குப் புதிதில்லை. புதிதாகக் காதில் விழுவது பனிச்சறுக்கு வாத்தியார் ஆசை. சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் சரிவில் வழுக்கிப் போகிறவரைக் கைபேசியில் பார்த்துவிட்டு, “நாமும் போனால் என்ன?” என்று ஒன்றிரண்டு பையன்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பதில் சொல்கிறவர்கள்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

“கடலோரத்துப் பிள்ளைக்கு அந்தக் குளிர் தாங்காது.”

தாங்கும். வியர்வையை வெளியே விடும் உள்சட்டை, மேலே கம்பளி, அதற்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு சரியாக அமைந்தால் போதும். பருத்திப் பனியனை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நனைந்தால் உடம்புச் சூட்டைப் பறித்துவிடும். மார்கழிக் காற்றில் நனைந்த சட்டையோடு கரை திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஏமாற்றுவது குளிரை விட வெயில்தான். புதுப்பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் கண் சிவந்து நீர் கொட்டும்.

பனி விழாத ஊர்க்காரர்கள் சறுக்கியதும் உண்டு. கானாவைச் சேர்ந்த குவாமே என்க்ருமா-அச்சியாம்பொங், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் ஒரு உள்ளரங்கப் பனிச்சரிவில் வரவேற்பாளராக வேலை பார்த்தபோதுதான் சறுக்கக் கற்றார். 2010-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் கானாவுக்காக இறங்கினார். குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளில் இந்தியாவுக்காக இறங்குகிறார். ஆக, ஊர் தடை இல்லை. வயதுதான் கொஞ்சம் தடை. மலையூர்ப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயதிலேயே பலகையில் ஏறிவிடுகிறார்கள். இருபதில் தொடங்குகிறவர் கற்கலாம். அவர்களோடு நேரக் கணக்கில் மோதுவதுதான் சிரமம். அந்த நேரக் கணக்கு எங்கே குறுக்கே வரும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“பிரமாதமாகச் சறுக்கத் தெரிந்தால் வாத்தியார் ஆகிவிடலாம்.”

எல்லாத் தப்புக் கணக்குக்கும் தாய்க் கணக்கு இது. புதிதாகச் சேரும் வாத்தியாருக்கு உயரமான சரிவைக் கொடுக்க மாட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொடுப்பார்கள். பிரெஞ்சுப் பள்ளிகளில் அந்தக் குட்டிகளின் முதல் வகுப்புக்குப் ‘பியூ பியூ’ என்றே பெயர், கோழிக்குஞ்சுக் கூப்பாடு. காலையில் கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பூட்ஸுக்குள் ஒவ்வொரு குட்டிக் காலையும் திணித்துக் கொக்கி மாட்ட வேண்டும். கையுறையைத் தேடித் தர வேண்டும், மூக்கைத் துடைக்க வேண்டும். எல்லாம் மாட்டி முடிந்ததும் ஒருத்தி ஒன்றுக்கு வருகிறது என்பாள். அத்தனையும் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகம் குறைக்கும் வித்தை. ஆங்கிலம் பேசும் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அது ‘பீட்சா’, பலகைகளை நேராக வைத்தால் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’. நாள் முழுக்க “பீட்சா, பீட்சா” என்று கத்தியபடி, அந்த மெதுச்சரிவில் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு இறங்குவதுதான் வேலை.

இது பிடிக்குமா என்பதை ஆல்ப்ஸ் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தந்திராயன்குப்பம் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தருகிறார்கள். கோவளத்தில் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் தானாகவே அலைச்சறுக்கு கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அதைப் பள்ளியாகவே வளர்த்தார். அப்படி ஓர் இடத்தில் ஒரு பருவம் உதவியாளாக நின்று, தண்ணீரைக் கண்டு பயப்படும் சென்னைக் குடும்பத்தைப் பலகையில் ஏற்றிப் பார்க்கலாம். மூன்றாம் நாளே அலுத்தால், பனியிலும் அலுக்கும்.

“பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறதே, அப்புறம் என்ன?”

புதுச்சேரிக்கே உரிய நம்பிக்கை இது; பாதி சரியும்கூட. 1954 நவம்பர் 1-இல் ஊர் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது; அதற்கான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் தங்கவும் உழைக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விளையாட்டுச் சொல்லித்தர அங்கே அரசு அங்கீகரித்த பட்டயம் வேண்டும். பாரிஸில் பிறந்தவருக்கும் அதே சட்டம்தான். மீறினால் ஓராண்டு சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகும்.

அந்தப் பட்டயத்துக்கான பயிற்சியின் தலைமையிடம் ஷமொனியில் உள்ள தேசியப் பள்ளி. நுழைவுக்கே கொடிக்கம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்துச் சறுக்க வேண்டும். பிறகு பயிற்சி, பயிற்சி வாத்தியாராகச் சில பருவங்கள், மறுபடி ‘யூரோடெஸ்ட்’ என்ற வேகத் தேர்வு, சரிந்து விழுந்த பனியில் புதைந்தவரைத் தேடும் கருவியோடு ஒரு பாதுகாப்புத் தேர்வு. வேகத் தேர்வில் உங்கள் நேரத்தை ஒப்பிடுவது தேர்ந்த பந்தயச் சறுக்கர்களின் நேரத்தோடு. மேலே சொன்ன வயதுத் தடை இங்கேதான் குறுக்கே நிற்கிறது. எனக்குத் தெரிந்து, பிரெஞ்சு பாஸ்போர்ட்டை விடப் பெரிய சொத்து வீட்டில் பேசப்படும் பிரெஞ்சு மொழி. ‘தாத்தா சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) என்று பெருமை பேசுகிற வீடுகளிலேயே இளசுகளுக்கு அது தடுமாறுகிறது. சொல்தா வழியிலேயே போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: பிரெஞ்சுப் படையின் மலைப் பிரிவில் சறுக்கக் கற்றுத்தருவார்கள், அதுவே வாத்தியார் பட்டயம் ஆகிவிடாது.

ஆஸ்திரியாவில் வாசல் அகலம். பத்து நாள் அளவிலான தொடக்கப் பயிற்சியும் தேர்வும் முடித்தால், தொடக்கநிலை மாணவர்களைக் கையில் கொடுப்பார்கள். ஜெர்மன் தெரிந்திருந்தால் நல்லது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அங்கே வேலை அனுமதிதான் மலை. அவருக்குத் திறந்திருக்கும் ஒரு சன்னல் ஆஸ்திரேலியா: 2024 அக்டோபர் முதல் 18-30 வயது இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பேர் என்று ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா வந்திருக்கிறது. குலுக்கல் முறை. நாடு முழுக்கப் போட்டி போடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கனவு காணலாம்.

“சம்பளம் யூரோவில், கணக்கு ரூபாயில்.”

பிரான்சின் பெரிய பனிச்சறுக்குப் பள்ளி அமைப்பில் வாத்தியார்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல, சுயதொழில் செய்கிறவர்கள். வகுப்பு நடந்தால் காசு. கிறிஸ்துமஸ் வாரமும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறையும்தான் அறுவடை. சனவரி நடுவில் ஈ ஓட்டுகிறவர்களும் உண்டு. மலையூரில் வாடகை கழுத்தை நெரிக்கும், நான்கு பேர் ஓர் அறையில் அடைவார்கள். வலை வீசி வாழ்ந்த குடும்பத்துக்கு ஏறி இறங்கும் வருமானம் புரியும். வங்கியில் கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டிய பையனுக்குத்தான் புரியாது.

“குல்மார்க்கில் கற்றால் மதிப்பில்லை.”

வெளிநாட்டுப் பட்டயத்துக்கு ஈடு இல்லை என்பது நிசம். ஆனால் லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு முன் உள்நாட்டிலேயே காலை நனைத்துப் பார்க்க அதுதான் இடம். சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் அங்கே இருக்கிறது; மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலான நிறுவனமும் வகுப்பு நடத்துகிறது. ஒன்று மட்டும் கவனம்: பனியை நம்பித் தேதி குறிக்க முடியாத காலம் இது. போதுமான பனி இல்லாததால் 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகளே மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

“ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்வார்.”

குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். சந்தேகம் என்றால் சென்னையில் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பட்டயமே இல்லாதவருக்குப் பனிமலை வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கு எதுவுமில்லை.

“ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் ஊரில்.”

ஆல்ப்ஸ் பருவம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரலில் முடியும். ஊர் திரும்பும் நேரம் பார்த்து, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அப்பாவின் படகும் கரையில்தான் நிற்கும். அதனால் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் பலர் சூன் மாதமே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அடுத்த குளிர்காலத்தைத் துரத்திப் போகிறார்கள். அங்கே பனி சூலை, ஆகஸ்டில் உச்சம். ஊரில் செங்கழுநீர் அம்மனுக்கு ஆடித் தேர் ஓடுவதும் அப்போதுதான். இரண்டு குளிர்காலமும் உழைத்தால் வருமானம் கட்டுப்படியாகும், தேர் வடம் பிடிக்க வர முடியாது. ஒன்றோடு நிறுத்தினால் தேருக்கு இருக்கலாம். மீதி மாதங்களுக்குச் சுண்ணாம்பாறு படகுத்துறையிலோ வேறெங்கோ இன்னொரு வேலை வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான், பயிற்சிக் கட்டணத்தின் முதல் தவணை கட்டுவதற்கு முன்.