நீலகிரியில் விளையும் கீபர் பேரி

ஆடி, ஆவணி மாதங்களில் மேட்டுப்பாளையம், கோவை கடைவீதிகளுக்கு நீலகிரிப் பேரிக்காய் வந்து குவியும். அங்கு விளையும் பழைய இரகங்களில் 'கீபர்' ஒன்று. வாங்குவோர் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

பிறப்பு

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பகுதியில் பீட்டர் கீபர் என்பவர் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். சீன மணற்பேரியின் விதையிலிருந்து அங்கு முளைத்த ஒரு கன்று, 1863-ல் முதன்முதலாகக் காய்த்தது. 'பார்ட்லெட்' என்ற இனிப்பு இரகத்தின் மகரந்தம் சேர்ந்ததால் இது உண்டானது எனக் கருதப்படுகிறது. 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இடம்பெற்றுப் புகழடைந்தது. சீனப் பேரியின் உறுதியும், சதையின் நறநறப்பும் இதற்கு உண்டு. கடுங்குளிர் இல்லாத மலைகளிலும் காய்ப்பது இதன் சிறப்பு.

விதை நட்டால் இரகம் மாறும்

கீபர் பழத்தின் விதையை நட்டால் கீபர் கிடைக்காது. கன்றுக்குக் கன்று குணம் வேறுபடும். இன்று உலகில் உள்ள கீபர் மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் வழியாக ஒட்டுக் கட்டி வந்தவையே. மலைப்பகுதியில் நாட்டுப் பேரிக் கன்றை வேர்ச்செடியாக வளர்த்து, அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆகவே, நன்கு காய்க்கும் பழைய கீபர் மரத்தை வெட்டுமுன், அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்துச் சில கன்றுகளாவது உருவாக்கிக்கொள்வது அவசியம்.

சமவெளிக்கு ஏற்றதல்ல

பனிக்காலத்தில் பேரி மரம் இலையுதிர்த்து ஓய்வெடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய குளிர் கோவை, ஈரோடு, திருப்பூர் சமவெளியில் கிடையாது. மரம் வளர்ந்தாலும் விளைச்சலை நம்ப முடியாது. 'கீழ்நாட்டிலும் காய்க்கும்' என்று யாரேனும் கன்று விற்க வந்தால், காய்த்த மரத்தை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கவாத்தும் அறுவடையும்

இலையுதிர்ந்த பருவத்தில் காய்ந்த, நெருக்கமான கிளைகளை நீக்கலாம். ஆனால் பழைய கிளைகளில் கணுக்கணுவாக நிற்கும் குட்டைக் குச்சிகளை வெட்டக்கூடாது; காய் பிடிப்பது அவற்றில்தான்.

பேரியை மரத்திலேயே பழுக்க விட்டால் உட்புறம் முதலில் கனிந்து கெட்டுவிடும். காய் முற்றி, கரும்பச்சை வெளிறியதும், உறுதியாக இருக்கும்போதே காம்புடன் பறிக்க வேண்டும். குளிர்ந்த அறையில் பரப்பி வைத்தால் இரண்டு, மூன்று வாரங்களில் மஞ்சளாகிக் கனியும். வெப்பம் மிகுந்தால் சரிவரப் பழுக்காது. எனவே, மலையிலேயே பக்குவப்படுத்திக் கீழே அனுப்பும் விவசாயி, 'கல்லுப் போன்ற காய்' என்று வியாபாரி விலை குறைக்க இடம் தரமாட்டார்.