பாலத்தின் கீழே ஒரு கப்பல்

எங்கள் கங்கைகொண்டானில் சிற்றாற்றுப் பாலத்தின் கீழே ஆடுகள் போகும். மழைக்காலத்தில் தண்ணீர் போகும். கப்பல் போனதில்லை. ஆகவே பாலத்தின் கீழே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இராமேசுவரம் சுற்றுலாவின்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து கீழே பார்த்தபோது, இரயில் பாலம் திறப்பதற்காகப் படகுகள் வரிசையாகக் காத்து நின்றன.

கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது மட்டும் போதாது. நீர்மட்டத்திலிருந்து கொடிமரத்தின் உச்சி வரை எவ்வளவு உயரம் என்பதும் மாலுமிக்குத் தெரிய வேண்டும். பாலம் அசையாது, ஆனால் கடல் ஏறி இறங்கும். கடல் ஏறினால் இடைவெளி குறையும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள், தோழியரே! சரக்கேற்றிய கப்பல் ஆழ அமிழ்கிறது. சரக்கை இறக்கியதும் மேலே எழும்புகிறது. போகும்போது தட்டாமல் போன கப்பல், வெறுமையாகத் திரும்பும்போது தட்டக்கூடும். நம் ஊர் வைக்கோல் லாரிக்கு நேர் எதிர்!

பாம்பனில் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி, இரண்டு கைகளை உயர்த்துவதுபோல இரண்டாகப் பிரிந்து எழும். தொழிலாளர்கள் கையாலேயே சுற்றித் திறப்பார்களாம். 2022 டிசம்பரில் அதில் இரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுவதும் பிரியாமல் நேராக 17 மீட்டர் மேலே போகிறது. 600 டன்னுக்கு மேற்பட்ட இரும்பு! கிணற்றுத் துலாவில் கல்லைக் கட்டுவதுபோல, இருபுறக் கோபுரங்களிலும் எதிர்எடை தொங்குவதால் மோட்டாருக்குப் பாரம் தெரிவதில்லை.

தூக்கியபின் கப்பலுக்குக் கிடைக்கும் உயரம் 22 மீட்டர். "இன்னும் உயரத் தூக்கினால் பெரிய கப்பல்களும் போகுமே, சிஸ்டர்?" என்று கேட்டோம். சிஸ்டர் பதில் சொல்லாமல் எங்கள் காலடியைக் காட்டினார்கள். 1988இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. அது திறப்பதே இல்லை. இரயில் பாலத்தை எவ்வளவு தூக்கினாலும் சாலைப் பாலத்தில் தட்டும். அதற்கு ஒப்பத்தான் 22 மீட்டர் என்று பிறகு புரிந்தது.

தட்டினால் என்ன ஆகும்? 2025 மே 17ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரில் மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பல் குவாத்தெமோக், கரையைவிட்டுப் புறப்பட்டதும் பின்னோக்கியே போய்ப் புரூக்ளின் பாலத்தில் மோதியது. அந்தப் பாலத்தின் இடைவெளி சுமார் 41 மீட்டர்; கொடிமரங்களோ சுமார் 48 மீட்டர். மூன்று மரங்களும் முறிந்தன. வழியனுப்பு மரியாதைக்காகப் பயிற்சி மாணவர்கள் மரங்களின்மேல் ஏறி நின்ற நேரம் அது. இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இருபது வயதுப் பெண். எங்களில் பலருடைய அக்காள் வயது.

பாம்பனில் அன்று முதலில் கடந்தது ஒரு மீன்பிடி விசைப்படகு. மேலே இடம் எவ்வளவோ இருந்தது. இருந்தாலும் அதன் கூரைமேல் நின்ற பெரியவர், பாலம் தாண்டும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்.