ஏலத்தோட்டத்தில் மெட்டல் டிடெக்டரா? முதலில் சம்மதம்!

போடிநாயக்கனூரில் முன்பு கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகள் நாணய ஆய்வாளர்களிடையே பேர்பெற்றவை. அதைக் கேள்விப்பட்டு மெட்டல் டிடெக்டரோடு மலையேற நினைப்பவர்கள் முதலில் பட்டாதாரரைப் பாருங்கள். தோட்டம் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடமும் கேளுங்கள். மேஸ்திரி தலையாட்டினால் போதாது. எந்த இடம், எத்தனை நாள், கிடைத்தால் என்ன செய்வது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏலச்செடியின் வேர் மேல்மண்ணிலேயே பரவும். தூரடியில் கடப்பாரை போட்டால் அந்தச் செடியின் மகசூல் போச்சு. வரப்பு, நடைபாதையோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. காப்புக்காட்டிலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடத்திலும் உரிமையாளர் சம்மதம் செல்லாது, கருவியை எடுக்கவே வேண்டாம்.

மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தனி.

கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை மழுங்கிவிடும். கிடைத்த இடத்தைப் படமெடுத்து, மண்ணோடு காகிதத்தில் மடித்து ஒப்படையுங்கள்.