நான்கு தட ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தியங்கும் இசைவாணரும்

கருவி சிறிதாயின் செயலும் சிறிதாகும் என்பது பலர் கொண்ட கருத்து. மாணவருள்ளும் சிலர், நல்ல வாத்தியம் இல்லை, தக்க கூடம் இல்லை, பொருள் இல்லை என்று கூறி, முயற்சியைத் தொடங்காமலே நாளைக் கழிக்கின்றனர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை, அமெரிக்க ராக் இசையின் வரலாற்றில் இடம்பெற்ற சிறு யந்திரம் ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பொருளையும் கட்டளையையும் எதிர்பாராது, தாமே பாடித் தாமே பதிந்து, சிறு நிறுவனங்களின் வாயிலாகவோ தம் கைப்பொருள் கொண்டோ இசைத்தட்டு வெளியிடுவோரை 'இண்டி' இசைவாணர் என்பர். தமிழில் தனித்தியங்கும் இசைவாணர் எனலாம். இவர்தம் வாத்தியங்கள் புதியன அல்ல. கிட்டார், பேஸ் கிட்டார், டிரம் ஆகியனவே பெரும்பான்மை. பின்னர் இவர்பாற் கண்ட புதுமை யாதெனின், ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரு வாத்தியமாகப் பழகிக்கொண்டமையேயாம்.

1970-ஆம் ஆண்டுகளில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் 2 அங்குல அகலமுள்ள நாடாவில் 24 தடங்களைப் பதியும் யந்திரங்களைக் கொண்டிருந்தன. அவற்றை வாங்குதல் தனியொருவரால் ஆகாது, வாடகையும் மிகுதி. இந்நிலையில், ஜப்பானிய நிறுவனமாகிய டியாக், 1979-இல் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்னும் கருவியை வெளியிட்டது. ஒலிகளைக் கலக்கும் பலகையும் கேசட் யந்திரமும் ஒரே பெட்டியில் அமைந்த இதனை, மேசைமேல் வைத்துத் தனியொருவரே இயக்கலாம்.

இதன் தத்துவத்தைச் சிறிது நோக்குவாம். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரண யந்திரத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக அந்நாடாவில் நான்கு தடங்கள் உள. டியாக் கருவியோ நான்கினையும் ஒரே திசையில் ஒரே பக்கமாகப் பயன்படுத்துவது. முதல் தடத்தில் பதிந்த கிட்டாரைக் காதிற் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் குரலைப் பதியலாம். மூன்றாவதில் மற்றொரு வாத்தியத்தைச் சேர்க்கலாம். ஒலி தெளிவுறும் பொருட்டு நாடா இருமடங்கு விரைவில் ஓடும். ஆகவே 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிட இசையே அடங்கும்.

நான்கு தடங்கள் போதாவாயின் என் செய்வது? மூன்று தடங்களில் பதிந்தவற்றை ஒன்றாகக் கலந்து நான்காவதில் ஏற்றி, முதல் மூன்றினையும் அழித்து மீண்டும் பயன்படுத்துவர். ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை உண்டு. படி எடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் மிகும். கலந்தவற்றைப் பிரித்தலும் இயலாது. டிரம்மின் ஒலி தாழ்ந்துவிட்டதே என்று பின்னர் வருந்திப் பயனில்லை. எனவே எது முன்னிற்க வேண்டும், எது பின்னடைய வேண்டும், எது வேண்டா என்பதனை இசைவாணர் முன்னரே துணிதல் வேண்டும்.

இக்கருவியின் ஆற்றலை உலகறியச் செய்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவர் பெரிய நிறுவனத்தைச் சார்ந்தவரேயாயினும் அவர் செய்தி ஈண்டு வேண்டப்படுவதாம். 1982 ஜனவரித் திங்களில், நியூ ஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் தாம் தங்கியிருந்த வீட்டின் படுக்கையறையில், போர்ட்டாஸ்டூடியோவையும் ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகள் இரண்டையும் கொண்டு சில பாடல்களைப் பதிந்தார். காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் அவ்வொலிவாங்கி, விலை குறைந்தது, எளிதிற் கெடாதது. கிட்டார், ஹார்மோனிகா, மாண்டலின் முதலியனவே துணை. குழுவினருக்கு மாதிரியாகக் காட்டுதலே அவர் நோக்கம். பின்னர் அப்பாடல்களைப் பெரிய கூடத்தில் தம் குழுவினருடன் பாடிப் பார்த்தார். ஒலி தூயதாயிற்று, ஆயினும் பாடல்களின் தனிமையும் துயரமும் அகன்றன. முடிவில், உறையுமின்றித் தம் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த அக்கேசட்டையே மூலமாகக் கொண்டு, 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டை அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டார்.

தனித்தியங்குவோருள் சிறந்த சான்று ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரின் ராபர்ட் பொல்லார்ட். தொடக்கப்பள்ளி ஆசிரியராகிய இவர், 'கைடட் பை வாய்சஸ்' என்னும் குழுவை அமைத்து, தொடக்கத்தில் தம் கைப்பொருள் கொண்டு சில நூறு படிகளே அச்சிட்டு வந்தார். ஒழிந்த வேளைகளில் நிலவறையிலும் கார்க் கொட்டகையிலும் கூடி, நான்கு தடக் கருவியில் பதிந்த பாடல்களே 1994-இல் 'பீ தவுசண்ட்' என வெளிவந்தன. இருபது பாடல்கள், மொத்தம் 40 நிமிடத்துக்கும் குறைவு. முதற் பாடலில் கிட்டார் ஒலி ஓரிடத்தில் திடீரென மறைந்து மீள்கின்றது. அப்பிழையை அவர்கள் நீக்கவில்லை; பாடலின் உயிர் கெடாமையின் அப்படியே விடுத்தனர். அவ்விசைத்தட்டு இன்றும் தனித்தியங்கும் இசையின் தலைசிறந்த படைப்புக்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

நிற்க. இவற்றால் இரைச்சலே இனிமை என்றோ, குறையே நிறைவு என்றோ கொள்ளற்க. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது புல்லின் பெருமையன்று, வல்லவனின் பெருமையே. நாடாவின் இரைச்சலைப் பிறிதொரு யந்திரத்தால் உண்டாக்கிப் பாடலின்மேற் பூசினால் அது பொல்லார்டின் பாடல் ஆகிவிடாது. அவரும் ஸ்பிரிங்ஸ்டீனும் இயற்றிய பாடல்கள் நல்லனவாயிருந்தன. கருவியின் எல்லையை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வெல்லைக்குள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று துணிந்தனர். இம்மூன்றுமே வெற்றிக்குக் காரணங்கள்.

இன்று கணிப்பொறியில் நூறு தடங்களைப் பதிதலும் எளிது. கைப்பேசியும் ஒலிப்பதிவுக் கருவியாயிற்று. கருவிப் பஞ்சம் பெரிதும் நீங்கியது. ஆனால் துணிவுப் பஞ்சம் நீங்கிற்றா? எதனையும் பின்னர்த் திருத்தலாம் என்னும் எண்ணத்தால் ஒன்றையும் முடியாது விடுவோர் பலர். அன்பர்காள்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்னும் பழமொழியை மறவாது, கைக்கு எட்டிய கருவியை நன்கு அறிந்து, நான்கே தடங்கள் உள்ளன என்று கருதித் தொடங்குவோமாக. பிழை ஒன்றிரண்டு நேரினும் முடிந்த பாடல் பிறர் செவிக்கு எட்டும்; தொடங்காத பாடலோ பாடுவார் நெஞ்சிலேயே மாய்ந்துபோம்.