கடிகார முள்ளும் ரேடியன் கணக்கும்

 

நம் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போன வாரம், "சார், இந்த ரேடியன் எனக்குப் புரியவே இல்லை. வேறு குரூப்புக்கு மாறிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். அவள் தடுமாறிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். மணி 1.30, லுஹர் ஜமாஅத் நேரம். பள்ளிவாசல் கடிகாரத்தில் இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள கோணம் எத்தனை ரேடியன்?

முதலில் ரேடியன் என்றால் என்ன? ஒரு வட்டத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு நூலை வெட்டி, வட்டத்தின் விளிம்பில் வளைத்து வையுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்துக் கோடு போட்டால் கிடைக்கும் கோணம் 1 ரேடியன். ஏறக்குறைய 57 பாகை. அரை வட்டத்தை மூட இப்படி மூன்று நூலும் இன்னும் கொஞ்சமும் தேவைப்படும். அந்த 'மூன்றும் கொஞ்சமும்'தான் பை. ஆகவே 180 பாகை என்பது பை ரேடியன். இதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு மறக்காது. மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் பயம்.

முழு வட்டம் 2பை. கடிகாரத்தில் 12 எண்கள். எனவே பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே பை/6.

1.30-க்குப் பெரிய முள் 6-இல் நிற்கும். சின்ன முள் 1-இல் நிற்பதாக நினைத்து, ஐந்து இடைவெளி, ஆகவே 5பை/6 என்று எழுதியிருந்தாள் அந்த மாணவி. வகுப்பில் பாதிப் பேர் விடை அதுதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சின்ன முள் சும்மா இருக்குமா? 1-க்கும் 2-க்கும் நடுவே வந்திருக்கும். அந்தப் பாதி இடைவெளி பை/12. அதைக் கழித்தால்:

10பை/12 − பை/12 = 9பை/12 = 3பை/4

பாகையில் 135. அப்படியே பாகையில் சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். ரேடியனுக்கு ஒரு வசதி உண்டு: ஆரத்தால் பெருக்கினால் வில்லின் நீளம் உடனே வந்துவிடும். கடிகார வட்டத்தின் ஆரம் 14 செ.மீ. என்றால், 14 × 3/4 × 22/7 = 33 செ.மீ. நூல் வைத்து அளந்தும் பார்க்கலாம்.

இனி நீங்களே செய்யுங்கள். அஸர் ஜமாஅத் 4.45. விடை 17பை/24 வர வேண்டும். 5பை/6 வந்தால், சின்ன முள்ளை 4-இலேயே கட்டிப்போட்டுவிட்டீர்கள்!